இரண்டு விரல் இடைவெளி

ஆடாதே. சொன்னா கேளு, ஆடாதே. பாக்கெட்டுக்குள்ள சாவிக்கொத்து இருக்கு, அதை இறுக்கிப் பிடிச்சுக்கோ, ஆடினாலும் வெளியே தெரியாது. ஆனா சத்தம் வருதே, கிணுகிணுன்னு. யாராவது திரும்பினாங்களா? இல்லை. அவங்கவங்க பலகைக்கு நாலு காலையும் மாட்டிக்கிட்டு குனிஞ்சு கிடக்காங்க. எட்டுப் பேரு, ஆளுக்கொரு பலகை. வருஷம் பூரா அவனவன் வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து தனித்தனியாச் செஞ்சது. மே மாசம் இங்க கொண்டுவந்து ஒண்ணோட ஒண்ணு கோர்த்தா ஒரே ஊரு, ஒரே ரயில்பாதை, விரல் தண்டி எஞ்சின் வளைச்சு வளைச்சு ஓடும். ஜனங்க பிள்ளைகுட்டியோட வந்து பார்ப்பாங்க. ரயில் பொம்மைன்னு எவனாவது சொன்னா பக்கத்துப் பலகை தாஜுதீனுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். வழக்கமா ஸ்கூல் ஹால்லதான் நடக்கும், இந்த வருஷம் கல்யாண மண்டபம், அதுலயும் சாப்பாட்டுக் கூடம். நேத்து ரிசப்ஷன் சாம்பார் வாசனை இன்னும் போகலை. அது கிடக்கட்டும். சாப்பாட்டுக் கூடத்துத் தரை மட்டமா இருக்காதுன்னு ஒருத்தனுக்காவது தோணிச்சா? கழுவுற தண்ணி வடியணுமே, சுவரோரக் கால்வாயைப் பார்த்து லேசாச் சரிச்சுத்தான் தரை போடுவான். பந்தியில உட்கார்றவனுக்குத் தெரியாது, ரயில் போட்டாத் தெரியும். ஒவ்வொரு காலுக்கு அடியிலயும் ஒரு திருகு இருக்கு, பலகை மேல ரசமட்டத்தை வெச்சு, குமிழி நடுவுக்கு வர்ற வரைக்கும் திருகணும். திருகறது நல்ல வேலை, முரட்டு வேலை. கைக்கு முரட்டு வேலை கொடுத்தா சமத்தா இருக்கு. சின்ன வேலை கொடுத்தாத்தான் சனியன் ஆடுது. சின்ன வேலைதான்யா என் பொழைப்பே. டாக்டர் இன்னாசி, பல் மருத்துவர்னு போர்டு மாட்டிக்கிட்டு, அடுத்தவன் வாய்க்குள்ள கடுகத்தனை ஓட்டையில முடி மாதிரி ஊசியை விட்டுக் குடையற பொழைப்பு.

குமிழி நடுவுல நிக்க மாட்டேங்குது. இல்லை, நிக்குது, ரசமட்டத்தைப் பிடிச்சிருக்கற என் கைதான் நிக்க மாட்டேங்குது. கையை எடு. ஆங், இப்ப நிக்குது. பார்த்தியா, கையை எடுத்தா எல்லாம் நிக்குது. காலையில காபி ஒழுங்காக் குடிச்சிருந்தா இந்தப் படபடப்பு இருந்திருக்காது. ஸ்டெல்லா இப்பல்லாம் அரை டம்ளருக்கு மேல ஊத்தறதே இல்லை. பால்காரன் அளவைக் குறைச்சுட்டானான்னு கேட்டேன், "ரெண்டு தடவையா சூடாக் குடிங்களேன், யாரு வேண்டாம்னா"ன்னா. கட்டினவளுக்குக்கூட காபியில கை இழுத்துப் பிடிக்கத் தோணுது பாரு. தீபாவளி சமயத்துல ஆரம்பிச்சது இந்த ஆட்டம். முதல்ல கையெழுத்துப் போடும்போது. அப்புறம் சட்டைப் பட்டன். அப்புறம் போன வாரம் அந்த டீச்சரம்மா வாய்க்குள்ள டிரில் நழுவி, நல்லவேளை, கன்னத்து உள்பக்கம் ஒரு கீறலோட போச்சு. "பரவால்ல டாக்டர், நீங்க வேணும்னேவா செய்வீங்க"ன்னு சொல்லிட்டு அந்தம்மா போயிடுச்சு, நான்தான் கதவைச் சாத்திட்டு என் நாற்காலியில உட்காராம அவங்க படுத்திருந்த நாற்காலியில போய்ப் படுத்துக்கிட்டேன், மேலே விளக்கை அணைக்காம. டாக்டரைப் பார்க்கலாம். நரம்பு டாக்டர் தஞ்சாவூர்ல இருக்கார், திருச்சியில வேண்டாம், திருச்சியில வெயிட்டிங் ரூம்ல உட்கார்ந்தா என் பேஷன்ட் நாலு பேராவது பக்கத்து நாற்காலியில இருப்பான். பார்த்து? பார்த்து அவர் ஒரு பேரு சொல்லுவார். பேரு வெச்சுட்டா அப்புறம் அது பிள்ளை மாதிரி வீட்டுலயே வளரும்.

"டாக்டரே!" வந்துட்டான். தாஜுதீன் வர்றதுக்கு முன்னாடி அவன் குரல் வரும். மாவு மில் வெச்சிருக்கறவன், மெஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்லுவான். ஊர் முன்னாடி டாக்டரே, தனியா இருந்தா டேய். ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து ஒரே பெஞ்சு. அவன் பலகைதான் என் பலகைக்குப் பக்கத்துப் பலகை: அவனுது ஸ்டேஷன், பிளாட்பாரத்துல பிரியாணிக் கடைகூட உண்டு, என்னுது காவிரிப் பாலமும் மலையும். மலை முழுக்க பல் அச்சு எடுக்கற பிளாஸ்டர். என்னடா இது, கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருக்கு. "கிராம்பு வெச்சிருக்கேன்"ங்கறான், வாயைப் பாதி திறந்து. "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. தாடைக்குள்ள ரெண்டு குதிரைசக்தி மோட்டார் ஓடுது. திங்கக்கிழமை வந்துர்றேன், இன்ஷா அல்லா, இந்தத் தடவை தப்பிக்க மாட்டேன்." மூணு வாரமா அவன் வரலைன்னு நான் உள்ளுக்குள்ள மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தாத குறை. கீழ்க் கடவாய்ப்பல், வளைஞ்ச வேர், நரம்பு பக்கத்துலயே ஓடுது, எக்ஸ்ரே பார்த்திருக்கேன். கை நல்லா இருந்தப்பவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் செய்யற கேஸ். "வேற யாராவது நல்ல ஆளா..."ன்னு வாயெடுத்தேன். "அட போப்பா! உன் கையைத் தவிர வேற எவன் கையும் என் வாய்க்குள்ள வராது. வந்தா கடிச்சுருவேன்." சிரிக்கிறான். நானும் சிரிக்கிறேன். பாக்கெட்டுக்குள்ள சாவி கிணுகிணுக்குது. நாளைக்குத்தானே திங்கள். இன்னைக்கு ஞாயிறு, காலைப் பூசைக்குப் போகாம இங்க வந்து நிக்கறேன், அதுக்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கப் போறேன்.

சரி, பலகையைப் பிரி. அவன் அந்தப் பக்கம் போனதும் பிரி. போர்வையை எடு, தெர்மாக்கோலை எடு. மெதுவா. இங்கதான் நான் ஒரு கூத்துப் பண்ணி வெச்சிருக்கேன், அதை எவனும் பார்க்கறதுக்கு முன்னாடி மாட்டிடணும். எங்க ஆளுங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு, அதைப் போட்டவனே நான்தான்: தண்டவாளம் பலகை விளிம்புக்கு வரக்கூடாது. ரெண்டு விரல் முன்னாடியே நின்னுடணும். அந்தப் பலகையிலயும் ரெண்டு விரல், இந்தப் பலகையிலயும் ரெண்டு விரல், ரெண்டையும் ஒட்டி கிளாம்ப் போட்டு இறுக்கின பிறகு நடுவுல நாலு விரல் காலியா இருக்கும், அதுல தனியா ஒரு இணைப்புத் துண்டைப் போட்டு, ரெண்டு முனையிலயும் தண்டவாள முனைகளைக் கவ்விப் பிடிக்கற நகத்துண்டு மாதிரித் தகடு, ஃபிஷ்பிளேட்டு, அதை நகர்த்தி மாட்டணும். ஏன் இந்தச் சட்டம்? வண்டியில ஏத்தி இறக்கும்போது விளிம்புல எது நீட்டிக்கிட்டு இருந்தாலும் இடிபடும், வளையும். புதுசா வர்றவனுக்கெல்லாம் நான் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லியிருக்கேன். அந்த ஃபிஷ்பிளேட்டை மாட்டறதுதான் என் வேலை, எட்டுப் பலகைக்கும் நான்தான் மாட்டுவேன், என் கைதான் நிதானமாம். மத்த இணைப்பு மூட்டுகளையெல்லாம் இந்தத் தடவை "அவனவனே பழகுங்கப்பா, நான் இல்லாதப்ப என்ன பண்ணுவீங்க"ன்னு பெரிய மனுஷன் மாதிரி தள்ளி விட்டுட்டேன். ஆனா என் பலகைக்கும் தாஜு பலகைக்கும் நடுவுல வர்ற கடைசி மூட்டு ஒண்ணைத் தள்ள முடியாது. அதை மாட்டும்போது எல்லாரும் சுத்தி நிப்பாங்க, மாட்டினதும் கை தட்டுவாங்க, தாஜு ஒரு மணத்தக்காளிப் பழத்தைத் தண்டவாளத்துல வைப்பான், புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கற மாதிரி. ஒரு தடவைகூட அது நசுங்கினது இல்லை, உருண்டு ஓடிரும், ஆனா வைக்காம விடமாட்டான். அத்தனை பேரு கண்ணும் என் விரல் மேல இருக்கும். கண்ணு பட்டாலே ஆடற கை இது. அதனால என்ன பண்ணினேன்? வீட்டுலயே, ரூம் கதவைச் சாத்திட்டு, முழங்கையை மேஜையில முட்டுக் கொடுத்து, இணைப்புத் துண்டை என் தண்டவாளத்தோட சேர்த்தே ஈயத்தால பற்ற வெச்சுட்டேன். பாதி வேலை முடிஞ்சது, இங்க வந்து அவன் பக்கம் சும்மா சொருகினாப் போதும். துண்டு மட்டும் விளிம்பைத் தாண்டி ரெண்டு விரல் நீட்டிக்கிட்டு இருந்துது. இருக்கட்டும், சுத்தித் தெர்மாக்கோல் வெச்சுட்டேனே, ஒண்ணும் ஆகாது, குட்டியானை வண்டிக்காரன்கிட்டகூட மெதுவா ஓட்டப்பான்னு சொன்னேனே. பிரி. பிரிச்சாச்சு. சேசுவே.

வளைஞ்சிருக்கு. ஒரு தண்டவாளம் மேல்நோக்கி, கோணப்பல் மாதிரி. இன்னொண்ணு பக்கவாட்டுல. எங்க இடிச்சான், ஏத்தும்போதா, மண்டபத்துப் படியிலயா? யாரு இடிச்சா என்ன, நீட்டி வெச்சவன் நான்தானே. வேலியில போன ஓணானைத் தேடிப்போய் எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டேன். பற்று விட்டிருக்கா? அடியில பார்க்கணும். வாய் பார்க்கற கண்ணாடி சட்டைப் பையிலேயே இருக்கு, அதைத் தண்டவாளத்துக்கு அடியில விட்டுப் பாரு. பார்க்கறேன். கண்ணாடி வெளிச்சம் கூரையில விழுது. அய்யோ. காசளவு வெளிச்சம் கூரை மேல ஈ மாதிரி துள்ளுது, யாராவது அண்ணாந்து பார்த்தா முடிஞ்சது, டாக்டர் கை ஆடுதுன்னு கூரையில எழுதிக் காட்டின மாதிரி. மூடு, உள்ளங்கையில மூடு. அப்பா இப்படித்தான் மூடிக்குவார். அவருக்கும் வலது கைதான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர், பீடி சிகரெட் தொட்டது இல்லை, பாட்டிலைக் கண்ணால பார்த்தது இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில, இந்த மாதிரிக் கூடம்தான், இதே மாதிரி வாசனை, ரசத்தைக் கையில வாங்கிக் குடிக்கப் போனார், பாதி ரசம் பக்கத்துல இருந்தவர் பட்டு வேட்டியில. எதிர்ப் பந்தியிலேர்ந்து எவனோ ஒருத்தன், "மாமாவுக்குக் காலையிலேயே ஏறிடுச்சு"ன்னான். பந்தியே சிரிச்சது. நான் பக்கத்துல உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் அவர் ஒரு கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டது இல்லை. மொய் எழுதிட்டு வாசலோட வந்துருவார். "வயிறு சரியில்லை." சாகற வரைக்கும் அவருக்கு வயிறு சரியில்லை. நாளைக்கு என்னைப் பத்தியும் அதையேதான் சொல்லுவான். டாக்டர் சாயங்காலமானா தண்ணி போடறாராம்பா, அதான் கை அப்படி. திருச்சியில ஒரு பேச்சு கிளம்ப எவ்வளவு நேரம்?

"என்ன டாக்டரே, இது என்ன கொம்பு முளைச்சிருக்கு?" பார்த்துட்டான். "ஒண்ணுமில்ல, புது முறை ஒண்ணு... சும்மா செஞ்சு பார்த்தேன்." "ரூல் போட்ட ஆளே ரூலை முறிச்சா நாங்க எங்க போய் முட்டிக்கிறது! நான் இதைச் செஞ்சிருந்தா இந்நேரம் என்னைக் காவிரியில இறக்கியிருப்ப." மத்தவங்களும் வந்து எட்டிப் பார்க்கறாங்க. எல்லா மூட்டும் முடிஞ்சதாம், கிளாம்ப் இறுக்கியாச்சாம், என் மூட்டு ஒண்ணுதான் பாக்கியாம். வெளியே வராந்தாவுல பிள்ளைங்க கதவைத் தட்டுதுங்க, மேனேஜர் "திறக்கலாமா சார்"னு கதவிடுக்குல தலையை நீட்டறார். "ஒரு நிமிஷம்." வெட்டு கருவியை எடுத்து நீட்டினதை வெட்டிடறேன், வெட்டறது முரட்டு வேலை, டக்னு வெட்டுப்படுது, நல்ல பிள்ளை. இனி பழைய முறைதான், தனித் துண்டு, ஃபிஷ்பிளேட்டு. சட்டப்படி ரெண்டு விரல் விட்டிருந்தா இந்த ரெண்டு முனை பிளேட்டையும் மாட்டி வீட்டுலயே பழகியாவது பார்த்திருக்கலாம். தாஜு பாக்கெட்டுலேர்ந்து மணத்தக்காளிப் பழத்தை எடுத்து ஊதி வெச்சுக்கிறான். ஒருத்தர் போனைத் தூக்கி வீடியோ எடுக்கறார். எடுக்காதீங்க சார். சொல்ல முடியுமா? மூச்சை இழுத்துப் பிடி. முழங்கையைப் பலகையில வை. சாமணத்தால ஃபிஷ்பிளேட்டைப் பிடி. பிடிச்சாச்சு. கொண்டு போ, கொண்டு போ, பாலத்தைத் தாண்டி, மெதுவா, ஆடாதே, ஆடாதேன்னு சொல்லாதே, சொன்னாத்தான் ஆடும், வேற எதையாவது நினை, ரசத்தை நினைக்காதே. விழுந்துருச்சு. கிளிங்னு தரையில. "விடு விடு, இன்னொண்ணு எடு"ங்கறான் தாஜு. எடுக்கறேன். விரலுக்கு நடுவுல அது மின்னி மின்னி அடிக்குது. விழுந்துருச்சு. "டாக்டர் இன்னைக்கு டிபன் சாப்பிடலையா?" யாரோ சிரிக்கறாங்க. வழி கிடைச்சது பாரு, பிடிச்சுக்கோ, ஆமா சாப்பிடலை, சுகர் இறங்கிடுச்சு போல, ஒரு சாக்லெட் இருந்தாக் கொடுங்கன்னு சொல்லு, எல்லாரும் நம்புவாங்க, வயிறு சரியில்லைன்னு சொல்லு, யாரும் மேல கேக்க மாட்டாங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அப்ப தாஜு என் தோள்ல ஒரு தட்டுத் தட்டி, வீங்கின கன்னத்தோட, ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றான்: "டாக்டரே, கையை ஒழுங்கா வெச்சுக்க. நாளைக்கு இதே கைதான் என் வாய்க்குள்ள போகணும்."

"வராதே." நானா சொன்னேன்? நான்தான். "என்னது?" "நாளைக்கு வராதே, தாஜு. என் கை ஆடுது. இங்க மட்டும் இல்லை. அங்கயும் ஆடுது." சாமணத்தைக் கீழே வெச்சுட்டு கையை நீட்டறேன், பலகைக்கு மேல, காவிரிப் பாலத்துக்கு மேல. ஆடுது. சாவி இல்லாம, பாக்கெட் இல்லாம, அது பாட்டுக்கு ஆடுது. வீடியோ எடுத்தவர் போனை இறக்கிட்டார். இதைத்தான் இத்தனை மாசமா ராத்திரி ராத்திரியா நினைச்சு வேர்த்துக்கிடந்தேன், இந்த மௌனத்தை. வா, வந்துட்டியா. தாஜு கையைப் பார்க்கறான். என்னைப் பார்க்கறான். மாவு பதம் பார்க்கற மாதிரி என் விரலை அவன் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சுப் பார்க்கறான். "எப்பலேர்ந்துடா?" டேய் வந்துருச்சு, ஊர் முன்னாடி. குரலும் இறங்கிருச்சு, இவனுக்கு இவ்வளவு மெதுவாப் பேச வரும்னே எனக்குத் தெரியாது. "தீபாவளியிலேர்ந்து." "எவன்கிட்டயாவது காட்டினியா?" "இல்லை." "ஏன்?" ஏன்னு கேட்டா என்ன சொல்றது? பயம்டா. வேற என்ன. "பயம்"ங்கறேன். அவன் கிராம்பை நாக்கால ஒதுக்கிக்கறான். அப்புறம், "அப்ப என் பல்லுக்கு யாருடா? உசிரு போவுதே!" எனக்குச் சிரிப்பு வருது, கண்ணும் கலங்குது. "என் கிளினிக் ஜூனியர் டாக்டர் பொண்ணு பார்க்கும்." "அது சின்னப் பொண்ணாச்சேடா!" "அது கை ஆடாது, தாஜு." மணத்தக்காளிப் பழத்தை என் இடது கையில திணிச்சுட்டு, மூக்குக் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, பலகை மேல குனிஞ்சுட்டான். "எந்தப் பக்கம் தள்ளணும், சொல்லு."

சொல்றேன். முதல்ல பிளேட்டைப் பின்னாடி தள்ளு, துண்டை வை, வெச்சியா, இப்ப முன்னாடி இழு, அமுக்காதே, இழு. வாழைப்பழம் மாதிரி விரலை வெச்சுக்கிட்டு மூச்சு வாங்கறான். மத்தவங்க ஒவ்வொருத்தரா நெருங்கி வர்றாங்க, ஒருத்தர் டார்ச் அடிக்கிறார், ஒருத்தர் கிளாம்பைப் பிடிச்சுக்கறார். என்னை யாரும் பார்க்கலை. பார்த்தாங்க, பார்த்து முடிச்சுட்டாங்க. மூட்டு சரியா உட்காரலை, மயிரிழை மேடு இருக்கு, எனக்கு இங்கேர்ந்தே தெரியுது. போன வருஷமா இருந்தா பிரிச்சு அரம் வெச்சுத் தேய்ச்சு மறுபடி மாட்டச் சொல்லியிருப்பேன். "சரியா இருக்காடா?" "போதும்." பழத்தை வைக்கறேன், எஞ்சின் முட்டுது, அது உருண்டு ஓடுது, எல்லாரும் கை தட்டறாங்க, மேனேஜர் கதவைத் திறக்கறார். வெயிலும் பிள்ளைங்களும் ஒண்ணா உள்ளே வருது. ரயில் மலையைச் சுத்தி, பாலத்தைத் தாண்டி, எங்க மூட்டு மேல ஏறுது. டடக். தடம் புரளலை. அடுத்த பெட்டி, டடக். ஒவ்வொரு சுத்துக்கும் இந்தச் சத்தம் கேக்கும், சாயங்காலம் வரைக்கும் கேக்கணும், கேட்டுக்கிட்டே நிக்கணும். நாளைக்கு காலையில கிளினிக்குக்குப் போன் பண்ணணும், தஞ்சாவூர் நரம்பு டாக்டருக்கும் பண்ணணும், அவர் என்ன பேரு சொல்லுவாரோ, அதுக்கப்புறம் அந்த நாற்காலியில நான் யாரு, போர்டுல யார் பேரு. தெரியாது. ஒண்ணும் லேசாகிடலை. "பூசைக்கு வராம ஓடி வந்தாச்சு"ன்னு பின்னாடி குரல். ஸ்டெல்லா. வருஷா வருஷம் போல ஃபிளாஸ்க்கோட. மூடியைத் திறந்து டம்ளர்ல ஊத்தறா, பாதியில நிறுத்தறா. "முழுசா ஊத்து"ங்கறேன். அவ என்னைப் பார்க்கலை, டம்ளரைத்தான் பார்க்கறா. "சிந்திடுமேங்க." சொன்னப்புறம்தான் அவளுக்கே தெரிஞ்சிருக்கணும் என்ன சொல்லிட்டோம்னு, உதட்டைக் கடிச்சுக்கிட்டா. பால்காரனும் இல்லை, ஒண்ணும் இல்லை. தினமும் பார்த்து, தினமும் பாதியில நிறுத்தி, ஒரு வார்த்தை கேக்காம. "சிந்தட்டும், ஸ்டெல்லா. ஊத்து." விளிம்பு வரைக்கும் ஊத்தறா. வலது கையைப் பாக்கெட்டுலேர்ந்து வெளியே எடுத்து வாங்கறேன். சட்டையில கொஞ்சம், அவ புடவையில கொஞ்சம், தரையில கொஞ்சம். தரையில விழுந்தது மெதுவாக் கால்வாயைப் பார்த்து ஓடுது. அவ முந்தானையை எடுக்கறா, விடுங்கறேன். வாய்க்குக் கொண்டுபோய்ப் பார்க்கறேன், அப்படியும் டம்ளர்ல பாதிக்கு மேல இருக்கு. குடிக்கறேன்.